பிலிகுண்டுலுவில் பிறக்கும் எண்

கோடையில் காவிரியைப் பற்றி நாளிதழில் வருவது பெரும்பாலும் நான்கு வரிச் செய்திதான். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்இருப்பு இத்தனை டிஎம்சி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி. மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ பேப்பரைக் கையில் எடுக்கும் விவசாயியின் கண் முதலில் தேடுவது இந்த எண்களைத்தான். நாற்றங்கால் விடலாமா, நேரடி விதைப்புக்குப் போகலாமா, கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிக் கொடுக்கலாமா என்பதெல்லாம் அதை வைத்து முடிவாகும்.

ஆற்றில் வெள்ளம் போனால் பார்க்க ஊரே திரளும். ஆறு மெலிந்து மணல் தெரியும் நாளில் அதன் பக்கம் போய் நிற்பவர் அளவெடுப்பவர் மட்டும்தான். நூறாண்டைத் தாண்டிய காவிரிச் சிக்கலில் எத்தனையோ வாதங்கள், தீர்ப்புகள், போராட்டங்கள் நடந்துவிட்டன. வறண்ட ஆண்டில் அவை எல்லாம் கடைசியில் அவர் பதிவேட்டில் எழுதும் ஓர் எண்ணில் வந்து நிற்கின்றன. அந்த எண் பிறக்கும் இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரை உடன் நடந்து பார்த்தால், நீர் குறைந்த காலத்தில்தான் அளவு எத்தனை பெரிய பொருள் என்பது விளங்கும்.

எல்லையில் ஓர் அளவு நிலையம்

குடகு மலையில் தொடங்கும் காவிரி, கிருஷ்ணராஜ சாகரில் தேங்கி, திருமகூடலு நரசிபுரத்தில் கபினியைச் சேர்த்துக்கொண்டு, சிவசமுத்திரத்தில் விழுந்து, அர்க்காவதியைக் கூட்டிக்கொண்டு மேகதாதுவின் பாறை இடுக்கில் புகுந்து வெளியே வருகிறது. அதற்குக் கீழே, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையில் இருப்பது பிலிகுண்டுலு. இரு கரையிலும் காடு. கோடையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் பகுதி. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இங்கேதான் இருக்கிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு தண்ணீர் கொடுத்தது என்பது சட்டப்படி கணக்காவது இந்த இடத்தில்.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 1991இல் இடைக்கால ஆணை கொடுத்தபோது, ஆண்டுக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) தண்ணீர் மேட்டூர் அணைக்கு வந்து சேர வேண்டும் என்றது. அளவெடுக்கும் இடம் அப்போது மேட்டூர். 2007 பிப்ரவரியில் வந்த இறுதித் தீர்ப்பு 192 டிஎம்சி என்று சொல்லி, கணக்கிடும் இடத்தை மேலே எல்லைக்கு நகர்த்தியது. பிலிகுண்டுலுவுக்கும் மேட்டூருக்கும் நடுவில் பெய்யும் மழையின் நீர் அதோடு கர்நாடகத்தின் கணக்கிலிருந்து விலகிவிட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அளவை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. இடம் மட்டும் மாறவில்லை.

இந்த 177.25 டிஎம்சி ஒரே சீராக வர வேண்டியதில்லை. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று மாதவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். அக்டோபரிலிருந்து அளவு இறங்கி ஜனவரியில் 2.76க்கு வந்துவிடும். பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டிஎம்சி. இதை வினாடிக் கணக்காக்கினால் ஏறத்தாழ ஆயிரம் கனஅடிக்குச் சற்றுக் குறைவு. வெள்ளக் காலத்தில் லட்சம் கனஅடியைத் தாண்டி ஓடும் ஆற்றில், கோடை முழுவதற்கும் சட்டம் எதிர்பார்ப்பது இந்த ஆயிரத்தைத்தான். கடும் கோடையில் அதுவும் வராமல் சில நூறு கனஅடியாக ஒடுங்கியதுண்டு.

எண் பிறக்கும் விதம்

ஓடும் ஆற்றை ஒரே அளவில் அளந்துவிட முடியாது. இரண்டு தனி அளவுகளைச் சேர்த்துத்தான் எண் பிறக்கிறது. ஒன்று நீர்மட்டம், மற்றொன்று நீரின் வேகம்.

மட்டத்துக்குக் கரைச்சரிவில் மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் கம்பங்கள் நட்டு, அவற்றில் சென்டிமீட்டர் குறித்த தகடுகளைப் பதித்திருப்பார்கள். துறையில் இதைக் கேஜ் என்பார்கள். வெள்ளத்தில் மேல் கம்பங்கள் நனையும். கோடையில் அவை வெயிலில் காய்ந்து நிற்க, கடைசிக் கம்பத்தின் அடித்தகடு மட்டும் நீரில் இருக்கும். காலை எட்டு மணிக்கு அளவெடுப்பவர் இறங்கிப் போய், கண்ணைத் தகட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு மாறிவிடும். காற்றில் சிற்றலை அடித்தால், அலை ஏறும் கோட்டையும் இறங்கும் கோட்டையும் பார்த்து நடு அளவை எடுக்க வேண்டும்.

வேகத்துக்கு உதவுவது கரண்ட் மீட்டர். வட்டமாக அமைந்த சிறு கிண்ணங்கள் நீரோட்டத்தில் சுழலும். இத்தனை நேரத்தில் இத்தனை சுற்று என்று எண்ணி, அந்தக் கருவிக்கென்று கணித்து வைத்த சமன்பாட்டில் போட்டால் வேகம் கிடைக்கும். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டியதுபோல் ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு, அதைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும் வேகத்தையும் தனித்தனியாக எடுப்பார்கள். ஆற்றின் வேகம் மேற்பரப்பில் ஒன்று, அடியில் ஒன்று. ஆழம் குறைவாக இருந்தால் மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் ஒரே அளவு போதும், அங்கேதான் சராசரி வேகம் அமைந்திருக்கும். ஆழம் கூடினால் பத்தில் இரண்டு பங்கிலும் எட்டுப் பங்கிலும் இரு அளவு எடுத்துச் சராசரி காண்பார்கள். துண்டின் பரப்பை அதன் வேகத்தால் பெருக்கி, எல்லாத் துண்டையும் கூட்டினால் ஆற்றின் ஓட்டம் கையில் கிடைக்கும்.

தினமும் இப்படி நூல்பிடித்து அளக்க முடியாதபோது, பல ஆண்டு அளவுகளை வைத்து மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவை வளைகோடாக வரைந்து வைத்துக்கொள்வார்கள். மட்டத்தைப் படித்தால் ஓட்டத்தை அந்தக் கோட்டில் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளம் வந்து போகும்போது ஆற்றின் அடி மாறும். மணல் வந்து படியும், பள்ளம் விழும், பாசி பிடிக்கும். அதன்பின் பழைய கோடு பொய் சொல்லத் தொடங்கும். அதனால் ஆற்றில் இறங்கி மறுபடி மறுபடி அளந்து கோட்டைத் திருத்த வேண்டியிருக்கிறது.

கோடை அளவு ஏன் கடினம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 40 மீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் ஆழம், வினாடிக்கு 40 சென்டிமீட்டர் வேகம் கொண்ட ஓர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்கு 14.4 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 508 கனஅடி. ஆழத்தில் இரண்டே சென்டிமீட்டர் தவறாக எடுத்துவிட்டால், வினாடிக்கு 11 கனஅடி கூடியோ குறைந்தோ விடும். சின்ன எண்ணாகத் தெரியும். ஒரு நாளுக்குப் பெருக்கினால் அது சுமார் 2.76 கோடி லிட்டர். வெள்ளத்தில் இரண்டு சென்டிமீட்டர் யார் கண்ணுக்கும் படாது. கோடையில் அது பல ஊர்களின் குடிநீர்.

இப்போது ரேடார் உணர்விகள் நீர்மட்டத்தைத் தானாக எடுத்துச் செயற்கைக்கோள் வழியே அனுப்பும் வசதி வந்திருக்கிறது. மனிதர் தூங்கும் நேரத்திலும் அளவு வருவது பெரிய உதவி. ஆனால் உணர்வி சொல்வது மட்டத்தைத்தான். அடியில் மணல் ஏறியதா, பள்ளம் விழுந்ததா என்பதை ஆள் இறங்கித்தான் சொல்ல வேண்டும்.

ஒகேனக்கல் வழியே மேட்டூருக்கு

பிலிகுண்டுலுவில் எழுதப்பட்ட எண் அங்கிருந்து இரண்டு வழியில் கிளம்புகிறது. ஒன்று காகிதத்திலும் கணினியிலும் டெல்லிக்கும் இரு மாநிலத் தலைநகரங்களுக்கும் போகிறது. மற்றொன்று நீராகவே கீழே இறங்குகிறது.

இறங்கும் வழியில் முதல் ஊர் ஒகேனக்கல். நீர்வரத்துக் கூடினால் பரிசல் இயக்கத் தடை, அருவிகளில் குளிக்கத் தடை. கோடையில் தடை எதுவும் தேவைப்படாது. பாறை முழுவதும் வெளியே தெரியும், அருவிகள் கோடுகளாக மெலியும். பரிசல் ஓட்டுபவர்களுக்குப் பிழைப்பின் அளவும் இந்த எண்தான்: கூடினாலும் வேலை இல்லை, குறைந்தாலும் சுற்றுலாப் பயணி இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டமும் இந்த நீரை நம்பியே நிற்கிறது.

அதன்பின் எண் மேட்டூரில் வந்து வேறு உரு எடுக்கிறது. ஓட்டமாக வந்தது தேக்கமாகிறது, கனஅடி அடியாகவும் டிஎம்சியாகவும் மாறுகிறது. 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த இந்த அணைக்கு முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. நம்மில் பலர் ஏமாறும் இடமும் இதுதான். நீர்மட்டம் 60 அடி என்று படித்ததும் பாதி அணை இருக்கிறது என்று மனம் கணக்குப் போடும். நீர்த்தேக்கம் அடியில் ஒடுங்கி மேலே விரிந்த வாணலி போன்றது. 60 அடியில் இருப்பது சுமார் 25 டிஎம்சிதான், கால் பங்கைவிடச் சற்றே அதிகம். 50 அடிக்குக் கீழே இருக்கும் மொத்த நீரும் ஏறத்தாழ 18 டிஎம்சி. மேலே கடைசி 20 அடியில் மட்டும் அதைவிடப் பத்து டிஎம்சி அதிகமாக நிற்கும். ஆகவே ஜனவரியில் ஓரடி இறங்குவதும் மே மாதத்தில் ஓரடி இறங்குவதும் ஒன்றாகாது. 90 அடி இருந்தால் குறுவை நெல்லுக்குத் திறக்கலாம் என்று டெல்டாவில் வாய்ப்பாடாகச் சொல்வது இந்தக் கணக்கை அனுபவத்தில் அறிந்ததால்தான்.

நாளிதழில் வரும் மேட்டூர் நீர்வரத்தும் நேராக அளந்த எண் இல்லை. நேற்றைய இருப்பையும் இன்றைய இருப்பையும் ஒப்பிட்டு, நடுவில் திறந்துவிட்டதைச் சேர்த்துக் கணக்கிட்டு எடுப்பது. இதில் வெயிலும் பங்கு கேட்கிறது. நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆவியானால் 15 கோடி லிட்டர் காணாமல் போகும். தவிர, தொண்ணூறு ஆண்டுகளாக அடியில் படிந்த வண்டல், இத்தனை அடிக்கு இத்தனை டிஎம்சி என்ற அட்டவணையை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே வருகிறது.

அணையில் கம்பத்தைப் பார்க்காமலே மட்டம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் உள்ள பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம், அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் அடையாளமாக ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு பழைய தேவாலயத்தின் கோபுரமும் நீருக்குள் நிற்கின்றன. மட்டம் எண்பதுக்குக் கீழே இறங்கி எழுபதை நெருங்க நெருங்க இவை ஒவ்வொன்றாக வெளியே வரும். கழுத்து வரை தெரிகிறதா, பீடம் தெரிகிறதா என்று பார்த்தே அந்தக் கரைக்காரர்கள் அணையின் நிலைமையைச் சொல்வார்கள். வெளியே வந்த வண்டல் நிலத்தில் தானியமும் பயறும் போட்டு, தண்ணீர் திரும்பி வருவதற்குள் அறுத்துவிடப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அணையின் இறக்கம் ஒரு பருவம்.

எண் ஆணையாக மாறும்போது

இனி டெல்லிக்குப் போன எண்ணைப் பார்க்கலாம். 2018 ஜூனில் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் நீர்நிலையைத் தொடர்ந்து பார்க்கின்றன. கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு கர்நாடக அணைகளின் இருப்பும் வரத்தும், மேட்டூரின் இருப்பு, பிலிகுண்டுலுவின் ஓட்டம் எல்லாம் ஒரே மேசைக்கு வருகின்றன.

2023இல் இந்த மேசை சூடேறியது. ஜூன் 12 அன்று மேட்டூர் 103 அடியோடு வழக்கம்போல் குறுவைக்குத் திறக்கப்பட்டது. அதன்பின் தென்மேற்குப் பருவமழை கைவிட்டது. அந்த ஆகஸ்ட், 1901இலிருந்து இந்தியாவில் பதிவான ஆகஸ்டுகளிலேயே மிகக் குறைந்த மழை பெய்த ஆகஸ்ட். தமிழ்நாடு வினாடிக்கு 24,000 கனஅடி கேட்டது. ஆகஸ்ட் இறுதியில் 15 நாளுக்கு 5,000 கனஅடி என்று ஆணை வந்தது. செப்டம்பரில் அதுவே நீடித்து, மாத இறுதியில் 3,000 ஆனது, அக்டோபர் இறுதியில் 2,600 ஆனது. ஒவ்வோர் ஆணையும் அளவை எங்கே சரிபார்ப்பது என்று சொன்னது: பிலிகுண்டுலுவில்.

அந்த வாரங்களில் கர்நாடகத்தின் மண்டியாவில் விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள், டெல்டாவிலும் வந்தார்கள். அங்கே கண்கள் கிருஷ்ணராஜ சாகரின் 124.80 அடிக் கம்பத்தில், இங்கே மேட்டூரின் 120 அடிக் கம்பத்தில். இரு பக்கமும் பார்த்தது இறங்கிக்கொண்டிருந்த எண்ணைத்தான், இரு பக்கமும் பயந்தது கருகும் பயிருக்குத்தான். அக்டோபர் 10 அன்று, மட்டம் 31 அடிக்கும் கீழே போன நிலையில், மேட்டூரிலிருந்து பாசனத்துக்கு விடும் நீர் நிறுத்தப்பட்டது. வழக்கமாக ஜனவரி 28 வரை போக வேண்டிய தண்ணீர் அது. அடுத்த ஆண்டு ஜூன் 12 அன்று அணையில் 43 அடி சொச்சம்தான் இருந்தது, திறக்கவில்லை. ஜூலையில் மேலே மழை கொட்டியதும் சில வாரங்களில் எல்லாம் மாறியது. ஜூலை 28 அன்று திறந்தார்கள், 30 அன்று 120 அடியைத் தொட்டது.

கடைமடையில்

மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று எண் நான்காக உடையும். வெண்ணாறு நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மறுபடி பிரியும். அதற்கப்பால் கிளை வாய்க்கால், சின்ன வாய்க்கால், வயல் மடை. ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு கேஜ், ஒவ்வொன்றையும் பார்த்து ஷட்டரை ஏற்றி இறக்க ஒரு லஸ்கர் இருக்க வேண்டும். நீர் குறைந்தால் முறைப்பாசனம்: இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு.

எல்லையில் சென்டிமீட்டர் கணக்காகப் பிறந்த எண் தேய்ந்து போவது இங்கேதான். தலைப்பில் தகட்டின் எழுத்து அழிந்திருக்கும். ஒரே லஸ்கர் பல மதகுகளைப் பார்ப்பார். மணல் அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்த இடங்களில், வாய்க்கால் வாய்க்கு நீர் ஏறாது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து விவசாயிக்குத் தன் வாய்க்காலில் வினாடிக்கு எத்தனை கனஅடி வர வேண்டும் என்றோ, எத்தனை வந்தது என்றோ காட்டும் பலகை பெரும்பாலும் கிடையாது. மேட்டூரில் பன்னிரண்டாயிரம் திறந்ததைப் பேப்பரில் படித்துவிட்டு, காய்ந்த வாய்க்காலின் கரையில் நிற்பார். மேலே எங்கேயோ திருடிவிட்டார்கள் என்று அவர் நினைத்தால், இல்லை என்று சொல்ல யாரிடமும் அளவு இல்லை. இரு மாநிலங்களுக்கு இடையே நாம் வற்புறுத்திப் பெற்ற நேர்மையான அளவை, நம் மாவட்டங்களுக்கு இடையே, ஊர்களுக்கு இடையே இன்னும் கொடுக்கவில்லை.

எண்ணின் மறுபிறவி

அறுவடை முடிந்தபின்னும் அந்த எண் சாவதில்லை. பதிவேட்டில் தங்கி, முப்பது ஆண்டுச் சராசரியின் ஒரு பகுதியாகிறது. 2023இல் நான்கு அணைகளின் வரத்து எவ்வளவு குறைந்தது என்பதை அப்படிப்பட்ட சராசரியோடு ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள். பற்றாக்குறை ஆண்டில் பங்குகள் விகிதப்படி குறைய வேண்டும் என்பது நடுவர் மன்றத்தின் கருத்து. விகிதம் போட அடித்தளம் பழைய எண்கள். ஆக, இன்று காட்டுக்குள் ஒருவர் குனிந்து படித்து எழுதும் அளவு, இருபது ஆண்டுக்குப் பின் வரும் வறட்சியில் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் தராசில் ஒரு கல்லாக இருக்கும். அவர் இன்று அலட்சியமாக எழுதினால், இன்னும் பிறக்காத விவசாயி ஒருவர் அன்று நட்டப்படுவார்.

அதனால் கேட்க வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. எல்லையிலும் அணைகளிலும் அன்றன்று எடுத்த அளவு, எப்படி எடுத்தது என்ற குறிப்போடு, இரு மாநில விவசாயியும் தன் மொழியில் படிக்கும்படி வெளிவர வேண்டும். வண்டல் கணக்கைச் சேர்த்து அணைகளின் கொள்ளளவு அட்டவணையைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்து அறிவிக்க வேண்டும். கல்லணையிலிருந்து கடைமடை வரை ஒவ்வொரு தலைப்பிலும் படிக்கத் தெளிவான கேஜும், அதைப் பார்க்க ஓர் ஆளும், அந்த அளவை ஊருக்கு எழுதிக் காட்ட ஒரு பலகையும் வேண்டும். இவற்றின் செலவு ஒரு கதவணை கட்டும் செலவில் சிறு பகுதிதான்.

மழை குறைந்த ஆண்டில் எல்லோருடைய பங்கும் குறையும் என்பது விவசாயிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறைவை அவர் ஏற்றுக்கொள்வார். எவ்வளவு குறைந்தது என்பதை மண்டியாக்காரரும் மன்னார்குடிக்காரரும் வேதாரண்யத்துக்காரரும் ஒரே அளவுகோலில் பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.